பூத்துக் குலுங்கியும் காய்க்காத செடி

கேள்வி: ஏற்காட்டில் உறவினர் வீட்டுத் தோட்டத்தில், காகிதம் போன்ற கூட்டுக்குள் பொன்னிறமாக இருந்த பழம் ஒன்றைச் சுவைத்தேன். சொடக்குத் தக்காளி இனம் என்றார்கள். அதன் விதையைத் தை மாதம் எங்கள் மாடித் தோட்டத்தில் விதைத்தேன். செடி செழித்தும் பூவெல்லாம் உதிர்கிறதே, ஏன்? பழம் கிடைத்தால் ஜாம் செய்யலாமா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: சிறுவயதில் நெற்றியில் அடித்துச் 'சொடக்'கென்று உடைத்து விளையாடிய வரப்போரச் சொடக்குத் தக்காளிக்கு, நீங்கள் சுவைத்த கேப் கூஸ்பெரி நெருங்கிய உறவு, தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் குளுமையில் இயல்பாகக் காய்க்கும் இச்செடி, சேலத்தின் பங்குனி, சித்திரை வெயிலில் பூத்தால் பிஞ்சு பிடிக்காது. உங்கள் கவனிப்பில் குறையில்லை, விதைத்த பருவம்தான் தவறு.

ஆடிக் கடைசியில் நாற்றுவிட்டு, புரட்டாசித் தொடக்கத்தில் நடுங்கள்; கார்த்திகைக் குளிரில் பூக்கும் பூக்கள் காயாகிப் பழுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால், கோடை தொடங்குமுன் அறுவடை கைக்கு வந்துவிடும். தக்காளி, கத்தரி வளர்த்த மண்ணை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஒரே குடும்பமாதலால் வாடல் நோய் தொற்றிக்கொள்ளும். தழைச்சத்து மிகுந்த உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகும். ஐப்பசி மழையில் பையில் நீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பறிப்பதில் அவசரம் வேண்டவே வேண்டாம். பச்சைக் காயும் இலையும் கூடும் உண்ணத் தகாதவை. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவையுங்கள். கூடு பச்சை மாறி, வைக்கோல் நிறத்தில் நரம்பு தெரியக் காய்ந்து, உள்ளே பழம் முழுதும் பொன்னிறமாகியிருக்க வேண்டும். நன்கு பழுத்தவை தாமாகவே உதிரும் என்பதால் செடியடியில் ஒரு பழைய துணியை விரித்துவையுங்கள். கூட்டை உரித்ததும் பழத்தின் மேல் விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு இருக்கும். கழுவிய பிறகே உண்ணுங்கள்.

ஜாமுக்கு மிக ஏற்ற பழம் இது, ஏனெனில் ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் இதில் இயல்பாகவே மிகுதி. 1 கிலோ பழத்தை மசித்து, 750 கிராம் சர்க்கரையும் ஓர் எலுமிச்சையின் சாறும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிளறுங்கள். குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளும்போது மேலே சுருக்கம் விழுந்தால் அதுவே பதம். ஒரே நாளில் 1 கிலோ சேராது. கூட்டை உரிக்காமல் காற்றோட்டமான, ஈரமில்லாத இடத்தில் பரப்பிவைத்தால் சில வாரங்கள் கெடாது, சேர்த்துக்கொண்டே வரலாம்.