வாயுவிலிருந்து செராமிக் தூள் உருவாவதைக் கணினியில் மாதிரியாக்க எங்கிருந்து தொடங்குவது?

முனைவர் பட்டத்துக்கு நான் செய்ததும் இதே வேலைதான் என்பதால், பெயிண்டுக்கு வெண்மை தரும் டைட்டானியாவை (டைட்டானியம் டை ஆக்சைடு) வைத்தே சொல்கிறேன்.

டைட்டானியம் டெட்ராகுளோரைடு ஆவி சுடரில் சூடான ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் டைட்டானியா மூலக்கூறுகள் பிறக்கின்றன. பலரும் முதலில் கருவாக்கக் கோட்பாட்டை, அதாவது மூலக்கூறுகள் கூடி நிலையான முதல் துகள் (கரு) எப்படி உருவாகிறது என்பதை, படிக்க உட்காருவார்கள். நானும் அதில் பல மாதங்களைச் செலவிட்டேன். ஆனால் டைட்டானியா மறுபடி ஆவியாவதே அரிது. அதனால் ஒரு மூலக்கூறே கருவாக நின்றுவிடும். அப்புறம் நடக்கும் வளர்ச்சி பெரும்பாலும் மோதல்தான். துகள்கள் மோதி ஒட்ட ஒட்ட அவற்றின் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று சொல்லும், 1916-இல் இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி எழுதிய திரட்சிச் சமன்பாடு இங்கே அப்படியே பொருந்தும்.

மோதிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் நான் தவறினேன். ரசத்தின் மேல் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகள் சேர்ந்து ஒன்றாவதுபோல, துகள்களும் உடனே ஒரே உருண்டையாகிவிடும் என்று எடுத்துக்கொண்டேன். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமோ வேறு கதை சொன்னது. சின்னச் சின்ன மணிகள் கழுத்தோடு கழுத்து ஒட்டி, கிளைவிட்ட சரங்களாகத் தெரிந்தன. பூந்தி லட்டு மாதிரி, ஒட்டியிருக்கிறது, கரையவில்லை. இந்த வித்தியாசம் சின்னதல்ல. 80 நானோமீட்டர் உருண்டைகளாக இருந்தால் ஒரு கிராம் தூளுக்குச் சுமார் 19 சதுர மீட்டர் பரப்பு. 20 நானோமீட்டர் மணிகளாக இருந்தால் 75.

ஆக, இரண்டு நேரங்களை ஒப்பிட வேண்டும்: அடுத்த மோதல் வர ஆகும் நேரம், ஒட்டியவை உருகாமலே இணைந்து உருண்டையாக ஆகும் நேரம். இந்த இரண்டாவது, அதாவது சின்டரிங் நேரம், டைட்டானியாவில் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. விட்டம் இருமடங்கானால் நேரம் 16 மடங்கு. பரவலாகப் பயன்படும் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: 20 நானோமீட்டர் மணிக்கு 1500 கெல்வினில் சுமார் 17 மில்லிநொடி, 1200 கெல்வினில் இரண்டு நொடிக்கு மேல். சுடரைத் தாண்டி வாயு ஆறும்போது சரங்கள் அப்படியே உறைந்துபோவது இதனால்தான்.

துகள் எண்ணிக்கை, மொத்தக் கன அளவு, மொத்தப் பரப்பு என்ற மூன்று சமன்பாடுகளோடு தொடங்குங்கள். சாதாரண மடிக்கணினியே போதும். அளவுப் பரவலைக் கணக்கிடும் பெரிய நிரல்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வெப்பநிலையைத் துல்லியமாக அளப்பதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 1500 கெல்வினில் 50 டிகிரி குறைத்துப் போட்டாலே சின்டரிங் நேரம் இருமடங்காகிவிடும். சுடரில் வைத்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உலோகக் கம்பி இணை) முனை தகதகவென்று ஒளிர்ந்து வெப்பத்தைக் கதிராக இழப்பதால், வாயுவின் உண்மையான சூட்டைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்தத் திருத்தத்தைச் சேர்த்த பிறகே எண்களை மாதிரிக்குள் விடுங்கள்.