கடலோரப் பழைய வீடு: முதலில் டைல்ஸா, கூரையா?

கேள்வி இதுதான்: திருகோணமலையில் கடற்கரைப் பக்கம் பழைய ஓட்டுவீடு வாங்கியாயிற்று, தையில் குடிபோக வேண்டும், கையில் காசு மட்டு, தரையெல்லாம் வெடிப்பு, முதலில் டைல்ஸைப் பதித்துவிடலாமா?

வேண்டாம். என்ன தரை என்பதை இப்போதே முடிவெடுங்கள், ஆனால் பதிப்பதைக் கடைசிக்கு வையுங்கள்.

நம்மூரில் ஒரு வழக்கம், தையில் நாள் பார்த்துவிட்டு ஐப்பசி கார்த்திகையில் கூரையைப் பிரிப்பார்கள். இங்கே வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டும், 2020 டிசம்பரில் புரெவிப் புயல் கரையேறியதும் நம் பக்கம்தான். கூரை வேலை இருந்தால் கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் முடித்துவிட வேண்டும், அது தவறிவிட்டால் இந்தத் தையை விட்டுவிட்டு அடுத்த நல்ல நாள் பார்ப்பது மேல் (வீட்டில் பெரியவர்களைச் சமாளிப்பது உங்கள் பாடு). உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு இறங்கிவிடாதீர்கள். கைமரம் சுவரில் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூட்ரைவரால் குத்திப் பாருங்கள், பொசுக்கென்று உள்ளே போனால் கறையான் அல்லது உக்கல். கூரைத் தண்ணீர் ஓடும் பீலி ஒழுகினால் அந்தத் தண்ணீர் சுவர்வழியே இறங்கி உள்ளே வரும், அப்புறம் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் உரிந்துதான் போகும்.

அடுத்தது கொங்கிரீட். உப்புக் காற்றுக்கு உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதும், ஊதினால் வெளிப்பூச்சைத் தள்ளி வெடிக்க வைக்கும். தூணிலோ ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டலிலோ கம்பிப் போக்கிலேயே நீளமாக வெடிப்பு ஓடினால் அதுதான் விஷயம். மேலே சீமெந்தைப் பூசி மறைக்க வருகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள், கம்பி தெரியும்வரை உடைத்து, துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்துத்தான் மூட வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் எஞ்சினியர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

வயரிங் சுருக்கமாக: கரண்ட் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் போடுங்கள், இருந்தால் அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா பாருங்கள், எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதியுங்கள். தரைக்குக் கீழே ஓடும் பழைய இரும்புக் குழாய்கள் இப்போது ஒழுகாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், புது டைல்ஸை உடைத்துக் குழாய் தேடுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

சரி, தரைக்கு வருவோம். ஏன் முன்கூட்டியே முடிவெடுக்கச் சொல்கிறேன் என்றால், மட்டம். பழைய தரைக்கு மேல் சீமெந்துச் சாந்து போட்டு டைல்ஸ் பதித்தால் ஒன்றரை அங்குலம், சிலவேளை இரண்டு அங்குலமும் உயரும், ஒட்டும் பசையில் பதித்தால் அரை அங்குலத்துக்குக் கிட்ட. கதவு நிலை, விறாந்தைப் படி, குசினி மேடை எல்லாம் அந்த உயரத்தைக் கணக்கில் எடுத்தே வர வேண்டும். கதவைச் செய்து மாட்டிவிட்டு அப்புறம் கீழே சீவுகிற வீடுகள் உவர்மலையிலும் உண்டு, அலஸ்தோட்டத்திலும் உண்டு.

எதைப் பதிப்பது என்று முடிவெடுக்கும் முன் ஈரம் பாருங்கள். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஓரிரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் கீழிருந்து ஈரம் ஏறுகிறது, அங்கே மரப்பலகை மாதிரி வரும் லமினேட்டை நினைக்கவே வேண்டாம், ஊதிக் கிளம்பும். மழைக்காலத்தில் செய்து பார்த்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தால் உடைக்க அவசரப்படாதீர்கள். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள், பொந்துச் சத்தம் வரும் இடங்களை மட்டும் கொத்தி நிரப்பி மெருகேற்றலாம். காலுக்குக் குளிர்ச்சி, காசும் மிச்சம், ஒட்டுப்போட்ட இடம் நிறம் மாறித் தெரியும் என்பது மட்டும்தான் குறை. இப்போது எல்லாரும் போடும் டைட்டேனியம் தரையும் (அதுவும் மெருகேற்றிய சீமெந்துதான்) அழகுதான், ஆனால் குசினியில் எனக்கு அது பிடிக்காது. சீமெந்தில் புளியும் எலுமிச்சையும் பட்டால் அரித்துக் கறை விழும், நம் சமையலில் அவை இரண்டும் இல்லாத நாள் ஏது.

டைல்ஸ்தான் என்றால் போர்சலின் வாங்குங்கள். அது தண்ணீர் குடிப்பது 0.5 சதவீதத்துக்கும் குறைவு, உப்பும் ஈரமும் உள்ள இடத்துக்கு அதுதான் தாங்கும். கடையில் கண்ணாடி மாதிரி மின்னுவதைக் காட்டுவார்கள். இங்கே காலோடு கடல் மணல் வீட்டுக்குள் வராத நாளில்லை, மின்னுவது கீறும், நனைந்தால் வழுக்கும். விறாந்தைக்கும் குளியலறைக்கும் சொரசொரப்பானதே சரி. பெட்டிகளில் ஷேட் இலக்கம் (நிறச் சாயலைக் குறிக்கும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று லொறியில் ஏற்றும் முன்பே பார்த்து, நூற்றுக்குப் பத்து கூடுதலாக எடுத்து வையுங்கள்.

காசு முழுத் தரைக்கும் காணாவிட்டால் முதலில் குளியலறை, அதன் பிறகு குசினி. குளியலறையில் டைல்ஸுக்கு அடியில் நீர் கசியாத பூச்சு அடித்து, வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்த பிறகே பதிக்க விடுங்கள், சாய்வு அடிக்குக் கால் அங்குலமாவது இருக்கட்டும். படுக்கையறைகளை வெடிப்பு அடைத்த சீமெந்தோடு அப்படியே வைத்துக் குடிபோகலாம், பாய் விரித்தால் யாருக்குத் தெரியப்போகிறது.