இரவில் மட்டும் கேட்கும் நிலையங்கள்

வானொலி அலைகளைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், தெளிவாகக் கேட்டவரின் சொற்களையே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வானொலி அலைகள் காற்றில் மிதந்து வருகின்றன என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அப்படியானால், காற்றே இல்லாத விண்வெளியிலிருந்து செயற்கைக்கோள் அனுப்பும் படம் எப்படி நம்மை வந்து சேர்கிறது?

பதில்: 'காற்றலை' என்ற சொல் நம் பேச்சில் ஊறிப்போனதால் வந்த மயக்கம் இது. காற்றை நம்பியிருப்பது ஒலி. வானொலி அலையோ ஒளியின் உடன்பிறப்பு. ஒரு கம்பியில் மின்னோட்டத்தை முன்னும் பின்னுமாக மிக வேகமாக ஓடவிட்டால், அதைச் சுற்றியுள்ள மின்புலம் மாறிக்கொண்டே இருக்கும். மாறும் மின்புலம் காந்தப்புலத்தைப் பிறப்பிக்கும்; மாறும் காந்தப்புலம் மறுபடியும் மின்புலத்தைப் பிறப்பிக்கும். இப்படி ஒன்றை ஒன்று பெற்றெடுத்துக்கொண்டே கம்பியை விட்டு விலகிச் செல்வதுதான் மின்காந்த அலை. அதைத் தாங்கிச் செல்ல எந்தப் பொருளும் தேவையில்லை. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1860களில் கணக்குப் போட்டு இதைச் சொன்னார். ஹெய்ன்ரிக் ஹெர்ட்ஸ் 1887, 1888ஆம் ஆண்டுகளில் தம் ஆய்வுக்கூடத்தின் ஒரு பக்கத்தில் மின்பொறியை உண்டாக்கி, எந்தக் கம்பியாலும் இணைக்கப்படாமல் தள்ளி இருந்த உலோக வளையத்தின் சிறு இடைவெளியில் நுண்ணிய பொறி தெறிப்பதைக் கண்டு, அது உண்மை என்று நிறுவினார்.

வெற்றிடத்தில் இந்த அலையின் வேகம் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர். இது எவ்வளவு என்பதை உணர ஒரு கச்சேரி அரங்கை எண்ணிப் பாருங்கள். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளிக் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரைப் பாட்டு எட்டுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமாகும். மேடை ஒலிவாங்கியிலிருந்து அதே பாட்டு நேரடியாக வானொலி அலையில் ஏறினால், அந்த நேரத்துக்குள் சுமார் 30,000 கிலோமீட்டர் போய்விடலாம். பூமியின் மறுகோடிக்கு உள்ள தொலைவே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர்தான். (இன்றைய டிஜிட்டல் ஒலிபரப்பில் குரல் தாமதமாக வருகிறதே என்று கேட்டால், அந்தத் தாமதம் வழியில் உள்ள கணினிகளால் வருவது, அலை அதற்குப் பொறுப்பில்லை.)

கேள்வி: பழைய வானொலிப் பெட்டியின் முகப்பில் 31 மீட்டர், 41 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. எதை அளந்து இந்த மீட்டரைச் சொல்கிறார்கள்?

பதில்: அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரத்தை, அதாவது அலைநீளத்தை. 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸில் சொல்லப்படும் அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை நிலையத்துக்கு 3 மீட்டர். 1,000 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை நிலையத்துக்கு 300 மீட்டர். வைஃபை கருவி பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர்.

இந்த நீளத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு இதுதான் திறவுகோல். ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அலைநீளத்தின் கால் பங்கு இருந்தால் போதும். அதனால்தான் பண்பலைக்கு முக்கால் மீட்டர் கம்பி போதுமாக இருக்கிறது. மத்திய அலை நிலையத்துக்கோ 75 மீட்டர் கோபுரம் வேண்டியிருக்கிறது. கையடக்கப் பெட்டிக்குள் கோபுரத்தை வைக்க முடியாது என்பதால், ஃபெரைட் என்ற கரிய தண்டில் மெல்லிய கம்பியைச் சுற்றி, அலையின் காந்தப் பகுதியை மட்டும் பிடிக்கிறார்கள். மத்திய அலையில் ஒரு நிலையத்தைக் கேட்டுக்கொண்டே பெட்டியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஓரிடத்தில் குரல் சட்டென்று அமுங்கும். அப்போது அந்தத் தண்டின் முனை நிலையத்தை நோக்கியோ, நேர் எதிர்த் திசையிலோ இருக்கிறது என்று பொருள். கப்பல்களும் விமானங்களும் வெகுகாலம் திசையறிந்தது இந்த அமுங்கலை வைத்துத்தான்.

கேள்வி: பகல் முழுவதும் இரைச்சல் மட்டுமே இருக்கும் இடத்தில், இரவானதும் மத்திய அலையில் எங்கெங்கோ உள்ள நிலையங்கள் பேசத் தொடங்குகின்றன. விடிந்ததும் மறைந்துவிடுகின்றன. சூரியனுக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நெருங்கிய சம்பந்தம் உண்டு. முதலில் இதைக் கவனித்துக் குறித்தவர்களுள் மார்க்கோனியும் ஒருவர். 1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் அட்லாண்டிக் கடலைக் கடந்த கப்பலில் இருந்தபடி, இங்கிலாந்தின் கார்ன்வால் கரையிலிருந்து வந்த சைகைகளைக் கேட்டுக்கொண்டே சென்றார். பகலில் சுமார் 1,100 கிலோமீட்டருடன் சைகை நின்றுவிட்டது. இரவிலோ 3,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்டது. வெயில் பட்டு, அனுப்பும் ஆன்டெனாவின் மின்னூட்டம் கசிந்துவிடுகிறது போலும் என்று அவர் கருதினார். அது தவறான ஊகம். ஆனால் குற்றவாளி வெயில்தான் என்பதில் அவர் தவறவில்லை.

நேர்க்கோட்டில் செல்லும் அலை, உருண்டையான பூமியின் வளைவைத் தாண்டி எப்படிப் போயிற்று என்பதே அன்று பெரிய புதிர். அதே 1902இல் ஆர்தர் கென்னலியும் ஆலிவர் ஹெவிசைடும் தனித்தனியே ஒரே விடையைச் சொன்னார்கள்: உயரத்தில் மின்சாரம் கடத்தும் ஓர் அடுக்கு இருக்க வேண்டும், அலை அதில் பட்டுத் திரும்பி வருகிறது. அதற்குச் சான்று கிடைக்க இன்னும் 22 ஆண்டுகள் ஆயின. 1924இல் எட்வர்ட் ஆப்பிள்டன் செய்த சோதனையின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. நிலத்தை ஒட்டி நேராக வரும் அலையும் வானத்தில் பட்டு வரும் அலையும் பெறும் கருவியில் சந்திக்கும்போது, முகடும் முகடும் சேர்ந்தால் குரல் உரக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் மங்கும். அனுப்பும் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே எத்தனை முறை உரத்து மங்குகிறது என்று எண்ணினால், இரண்டு வழிகளுக்கும் உள்ள தூர வேறுபாடு கிடைக்கும். அதிலிருந்து அடுக்கின் உயரமும் கிடைக்கும். சுமார் 90 கிலோமீட்டர் என்று விடை வந்தது. இந்தத் துறையில் ஆற்றிய பணிக்காக 1947இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் மேல் வளிமண்டலத்தின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுப்பதால் உண்டாவதே இந்த அயனி மண்டலம். அது பல அடுக்குகளாக இருக்கிறது. நம் கேள்விக்கு முக்கியமானது எல்லாவற்றுக்கும் கீழே, ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள 'டி' அடுக்கு. வானொலி அலை இதற்குள் நுழைந்ததும் எலக்ட்ரான்கள் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்குகின்றன. அந்த உயரத்தில் காற்று ஓரளவு அடர்த்தியாக இருப்பதால், ஆடுகிற எலக்ட்ரான் அக்கம்பக்கத்து மூலக்கூறுகளில் மோதி, அலையிடமிருந்து பெற்ற ஆற்றலை வெப்பமாகத் தொலைத்துவிடுகிறது. மத்திய அலையின் தாளம் மெதுவானது என்பதால் எலக்ட்ரானின் ஆட்டம் பெரிதாகி, இழப்பும் மிகுகிறது. பகலில் வானத்தை நோக்கிப் போகும் மத்திய அலையெல்லாம் இங்கேயே உறிஞ்சப்பட்டுவிட, நிலத்தை ஒட்டிச் செல்லும் அலை மட்டுமே நமக்கு மிஞ்சுகிறது.

சூரியன் மறைந்ததும், 'டி' அடுக்கின் எலக்ட்ரான்கள் விரைவில் அணுக்களோடு மறுபடி சேர்ந்து, அடுக்கே இல்லாமல் போகிறது. அதற்கு மேலே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெல்லியது; அங்கே பிரிந்த எலக்ட்ரானுக்குத் துணை கிடைப்பது அரிது என்பதால் அந்த 'எஃப்' அடுக்கு இரவு முழுவதும் தாக்குப்பிடிக்கிறது. தடுத்துக்கொண்டிருந்த திரை விலகிவிட்டது. திருப்பி அனுப்பும் கூரை அப்படியே இருக்கிறது. அலை கூரைக்குப் போய், வளைந்து, பல நூறு அல்லது சில ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. இரவில் தொலைதூர நிலையத்தின் குரல் மூச்சுவிடுவதுபோல் ஏறி இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கூரை நிலையாக நிற்காமல் அசைந்துகொண்டே இருப்பதால், ஆப்பிள்டன் வேண்டுமென்றே உண்டாக்கிய அதே உரத்தலும் மங்கலும் தாமாகவே நிகழ்கின்றன.

சிற்றலையின் தாளம் வேகமானது என்பதால் அது 'டி' அடுக்கில் அதிகம் இழக்காமல் பகலிலும் தப்பிச் செல்கிறது. இதில் ஒரு விந்தை உண்டு. நிலத்தை ஒட்டிய அலை ஓய்ந்த இடத்துக்கும், வானிலிருந்து அலை முதலில் இறங்கும் இடத்துக்கும் இடையே ஒரு மௌன வளையம் அமையும். 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளவர் தெளிவாகக் கேட்கும் நிலையம், 200 கிலோமீட்டரில் இருப்பவருக்குக் கேட்காமலே போகலாம்.

கேள்வி: அப்படியானால் பண்பலையும் அந்தக் கூரையில் பட்டுத் தொலைவுக்குப் போகலாமே? அது ஏன் அறுபது எழுபது கிலோமீட்டரிலேயே நின்றுவிடுகிறது?

பதில்: ஏறத்தாழ 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைகளை அயனி மண்டலம் வழக்கமாகத் திருப்பி அனுப்புவதில்லை, அவை ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடுகின்றன. செயற்கைக்கோள்களோடு நம்மால் பேச முடிவது இதனால்தான். ஆகவே பண்பலைக்குப் பெரும்பாலும் பார்வைக்கோடுதான் வழி. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அலையின் அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்று அலையைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால், இது கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிடக் கொஞ்சம் தொலைவு. 100 மீட்டர் கோபுரத்துக்கு 41 கிலோமீட்டர்; இதை இரட்டிப்பாக்க வேண்டுமானால் 400 மீட்டர் உயரம் வேண்டும். மலையுச்சியில் கோபுரம் வைக்க எல்லாரும் போட்டி போடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பண்பலையில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். சிவப்பு விளக்கில் கார் நின்றதும் பாட்டு கரகரக்கும். கார் இரண்டு அடி நகர்ந்தால் தெளிந்துவிடும். நேராக வரும் அலையும், எதிரே உள்ள கட்டடத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சாலையின் மேல் முகடும் பள்ளமுமாக ஒரு கோலம் போட்டு வைத்திருக்கின்றன. 3 மீட்டர் அலைக்கு, அவை எதிரெதிராக வரும்போது, ஓர் அமுங்கலிலிருந்து அடுத்த உச்சத்துக்கு 75 சென்டிமீட்டர்தான் தூரம்.

கேள்வி: நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்குள் கார் நுழைந்ததும் மத்திய அலை உடனே செத்துவிடுகிறது. பண்பலை மட்டும் கொஞ்ச தூரம் உள்ளே வருகிறதே, ஏன்?

பதில்: சுரங்கத்தின் வாய் பத்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாயைப்போல் இரு மடங்குக்கு மேல் நீளமுள்ள அலை, குழாய் போன்ற அந்த இடத்தில் ஓட முடியாமல் நுழைவாயிலிலேயே தேய்ந்துவிடும். 300 மீட்டர் அலைக்கு அது ஊசிக்காது. 3 மீட்டர் அலைக்கு அகலத் திறந்த கதவு. மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவில் துளையிட்ட உலோகத் தகடு இருப்பதும் இதே கணக்கில்தான்: உள்ளே சுழலும் அலையின் நீளம் 12 சென்டிமீட்டர், துளையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். ஒளியின் அலைநீளம் மிகமிகச் சிறியது என்பதால், உணவை நாம் பார்க்க முடிகிறது. அலை மட்டும் வெளியே வருவதில்லை.

கேள்வி: ஒரே நிலையத்தை லட்சக்கணக்கானவர்கள் கேட்டால் அலை தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. உங்கள் ஆன்டெனா எடுப்பது, எப்படியும் உங்களைக் கடந்து போயிருக்கும் அலையின் மிக நுண்ணிய துளியை மட்டுமே. அலை வலுவிழப்பதற்குப் பெருங்காரணம் அது விரிந்துகொண்டே போவது: தூரம் இரண்டு மடங்கானால் வலு கால் பங்காகும், பத்து மடங்கானால் நூற்றில் ஒரு பங்கு.

கேள்வி: பல பத்தாண்டுகளுக்கு முன் ஒலிபரப்பான நிகழ்ச்சிகள் இன்னும் விண்வெளியில் போய்க்கொண்டிருக்கின்றன என்பது உண்மையா? யாராவது அவற்றைக் கேட்க முடியுமா?

பதில்: அயனி மண்டலத்தைத் துளைத்துச் சென்றவை போய்க்கொண்டுதான் இருக்கின்றன. கேட்பதுதான் கடினம். வாயேஜர் 1 விண்கலத்தின் அலைபரப்பிக்கு ஒரு சிறு விளக்கின் அளவான, சுமார் 23 வாட் திறன்தான். ஆயினும் அதன் 3.7 மீட்டர் கிண்ண ஆன்டெனா அலையை ஒரே திசையில் குவித்து அனுப்புவதாலும், இங்கே 70 மீட்டர் கிண்ணங்கள் காத்திருப்பதாலும், 20 மணி நேரத்துக்கும் மேல் பயணம் செய்து வரும் அதன் சைகை நமக்குக் கிடைக்கிறது. எல்லாத் திசையிலும் பரவவிட்ட ஒலிபரப்புக்கு அந்தச் சலுகை இல்லை. விண்மீன்களின் தொலைவை எட்டுவதற்குள் அது இயற்கையின் இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த இரைச்சலை முதலில் இனங்கண்டவர் கார்ல் ஜான்ஸ்கி. தொலைபேசித் தொடர்புக்கு இடையூறு செய்யும் சத்தங்களைத் தேடியபோது, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சமடையும் ஒரு சீறல் அவருக்குக் கிடைத்தது. விண்மீன்கள் வானத்தில் ஒரு சுற்று வரும் நேரம் அது. சீறல் வந்தது பால்வீதியின் மையத் திசையிலிருந்து. 1933இல் அவர் அதை வெளியிட்டார். பண்பலையில் எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினால் கேட்கும் 'உஸ்' என்ற ஒலியில் பெரும்பகுதி உங்கள் பெட்டியின் சொந்த இரைச்சல்தான். ஒரு சிறு பங்கு மட்டும் அங்கிருந்து வந்தது.