திராக்சியோனா, டி.எஸ்.ஸா?

கேள்வி: பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். முதன்முதலாக ஒரு பழைய கார் வாங்க ஆசை. 1954 சித்ரோயன் திராக்சியோன் 11 ஒன்றும், அதே கம்பெனியின் 1969 டி.எஸ். 21 ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டவேண்டும், சின்ன ரிப்பேரை நானே பார்க்கவேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் மனசு டி.எஸ். பக்கம் சாய்ந்துவிட்டது என்று கடிதத்திலேயே தெரிகிறது. தப்பில்லை. 1955இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்த அன்றே சுமார் 12,000 பேர் ஆர்டர் கொடுத்த கார். அந்த இரண்டு எழுத்தைப் பிரெஞ்சில் சேர்த்துச் சொன்னாலே 'தேவி' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்தான் காதில் விழும். ஆனாலும் நீங்கள் திராக்சியோனை வாங்குங்கள்.

டி.எஸ்.ஸில் ஒரே பம்ப்தான் எண்ணெய் அழுத்தத்தை வைத்து (இதுதான் ஹைட்ராலிக்) சஸ்பென்ஷன், பிரேக், பவர் ஸ்டீயரிங் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறது, அரை ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாற்றுவதும் அதன் வேலையே, அதனால் எங்கோ ஒரு மெல்லிய குழாய் கசிந்தால் தலைவலி ஓர் இடத்தோடு நிற்காது. உங்கள் 1969 வண்டிக்குப் பச்சை எண்ணெய். பழைய மாடல்களின் சிவப்பு எண்ணெயை யாராவது தெரியாமல் ஊற்றியிருந்தால் ரப்பர் சீல் எல்லாம் போச்சு. இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுங்கள், அழுத்தம் ஏறி நிற்கும்போது ஒரு 'டிக்' கேட்கும். அது இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை வந்தால் செலவு காத்திருக்கிறது. அப்புறம், பின் மட்கார்டைப் பிடித்திருப்பது ஒரே போல்ட். அதைக் கழற்றிக் காட்டச் சொல்லி, உள்ளே அடிச்சட்டத்தில் துரு இருக்கிறதா பாருங்கள். வெளிப் பெயின்ட்டை நம்பவே வேண்டாம்.

திராக்சியோன் 1934இலேயே முன்சக்கர இழுவையோடு, தனிச் சேஸிஸ் இல்லாமல் வந்தது. அதை உருவாக்கிய செலவிலேயே கம்பெனி திவாலாகி, டயர் கம்பெனியான மிஷ்லான் கைக்குப் போனது. ஆனால் இன்று பானெட்டைத் திறந்தால் 1911 சிசி நாலு சிலிண்டர் இன்ஜின், பார்த்தாலே புரியும். மூன்றே கியர், லிவர் டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், அவசரப்பட்டு மாற்றினால் கியர்பாக்ஸ் தாங்காது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று அடித்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேளுங்கள். பாரம் முழுவதும் பாடியே தாங்குவதால் கதவுக்கு அடியில் துரு இருந்தால் விட்டுவிடுங்கள். நெடுஞ்சாலைக்கு ஆகாது, 80, 90இல் சுகமாகப் போகும்.

டி.எஸ்.தான் வேண்டும் என்றால் அதன் எளிய வகைகளான, சாதாரண கிளட்ச் உள்ள ஐடி அல்லது டி சூப்பர் தேடுங்கள், ஹைட்ராலிக் தெரிந்த மெக்கானிக்கை அதற்கு முன்னால் தேடுங்கள்.

எதுவானாலும் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால், சரி, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.