தெர்மோகோல் கோயில் வேண்டாம், குடவோலை நடத்திப் பாருங்கள்

தொடக்கப்பள்ளி மாணவர்கள் வரலாற்றைக் கையால் செய்து கற்பதற்கு ஏற்ற செயல்திட்டங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெர்மோகோலில் தஞ்சைப் பெரிய கோயில் செய்துவரச் சொல்வதை நான் செயல்திட்டமாகக் கருதுவதில்லை. அதைப் பெரும்பாலும் பிள்ளை தூங்கிய பிறகு பெற்றோர்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். அக்காலத்து மக்கள் செய்த ஒரு வேலையை, அதற்குச் சான்று இருக்கும் அளவுக்கு, அவர்கள் செய்த முறையிலேயே செய்து பார்க்க வைப்பதுதான் இந்த வயதுக்குப் பொருந்தும்.

அவற்றுள் நான் முதலிடம் தருவது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலைத் தேர்தலுக்கு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921), அவ்வூர்ப் பிராமணச் சபை தன் வாரியங்களுக்கு, அதாவது ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுக்களுக்கு, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையை வரிசையாக எழுதி வைத்திருக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். வயதில் மூத்த நம்பி (கோயில் பூசகர்) ஒருவர் அக்குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கி நிற்க, உள்ளிருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்தான். அதை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கிய பின், அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து, நடுவராக இருந்த மத்தியஸ்தரிடம் கொடுத்தான். அவர் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்கிப் பெயரைப் படித்தார். உடனிருந்த நம்பிமார்களும் அதே ஓலையைப் படித்தார்கள்.

இதை வகுப்பில் நடத்த இரண்டு மண்குடங்களும் கொஞ்சம் பனை ஓலையும் போதும். பெஞ்சு வரிசை ஒவ்வொன்றும் ஒரு குடும்பு. ஏரி வாரியத்துக்குக் குடிநீர்த் தொட்டியையும் தோட்ட வாரியத்துக்குப் பள்ளிச் செடிகளையும் உண்மையான பொறுப்பாகவே ஒப்படைத்துவிடுங்கள். கல்வெட்டில் பதவிக்காலம் 360 நாள், நமக்கு ஒரு மாதம் போதும். மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரைக் குடத்தில் கைவிட அழைத்து வந்தால், ஐந்தாம் வகுப்பினர் அவ்வளவு பேரும் மூச்சுவிடாமல் நிற்பார்கள். ஐந்து விரலை ஏன் விரிக்க வேண்டும் என்று கேளுங்கள். வேறொரு ஓலையை உள்ளங்கையில் ஒளித்து வைத்து மாற்றிவிடலாமே என்று யாராவது ஒரு குறும்புக்காரன் கட்டாயம் சொல்லிவிடுவான். பாடநூலில் ஒரு பத்தி படித்து வராத தெளிவு அந்த ஒரு பதிலில் வந்துவிடுகிறது.

தேர்தலைவிடத் தகுதிப் பட்டியல் முக்கியமானது. வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. இவற்றைக் கரும்பலகையில் எழுதி, உங்கள் வீட்டில் யார் யார் நிற்கலாம் என்று கேட்டால், கணக்குக் காட்டாதவரை விலக்கியதைப் பாராட்டும் அதே பிள்ளைகள், அம்மாவும் நிலமில்லாத அப்பாவும் பட்டியலுக்கு வெளியே நிற்பதைத் தாங்களே கண்டுகொள்வார்கள். அந்தக் காலத்திலேயே மக்களாட்சி இருந்தது என்று மேடையில் முழங்குவோர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். வகுப்பறையில் தாண்ட வேண்டாம்.

ஓலையில் எழுதுவதை அவசரப்படுத்தாதீர்கள். காம்பஸ் முனையால் கீறி, கரித்தூளை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வரும். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாததைப் பிறகு படத்தில் காட்டினால், ஏன் என்று அவர்களே ஊகிப்பார்கள்.

அடுத்தது, மதுரைக்கு அருகில் உள்ள கீழடியில் நடந்ததைப் போன்ற அகழாய்வு. ஒரு பெரிய வாளியில் மணல், செம்மண், சாம்பல் என அடுக்கடுக்காக நிரப்பி, உடைந்த பானை ஓடுகளை வெவ்வேறு ஆழத்தில் புதைத்துவையுங்கள். மேல் அடுக்கில் ஒரு பிளாஸ்டிக் மூடியும் இருக்கட்டும். கரண்டியால் தோண்டுவது விளையாட்டு. எந்த ஓடு எத்தனை செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்று அளந்து எழுதுவதுதான் பாடம். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 580 என்று காலம் கணித்திருப்பதைச் சொன்னால், ஆழத்தை எதற்கு அளக்கிறோம் என்பது புரியும். அங்கே கிடைத்த ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளும் தங்கள் பெயரை ஓட்டில் ஆணியால் கீறலாம். ஓட்டின் விளிம்பை முதலில் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு நாணயமே போதும். தாளைப் போட்டுப் பென்சிலால் தேய்த்து ஆண்டு வாரியாக ஒட்டலாம். ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் நொய்டா, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், சாய்சதுரம் இருந்தால் மும்பை, குறியே இல்லையென்றால் கொல்கத்தா அக்கசாலையில் (நாணயம் அச்சிடும் ஆலையில்) அச்சானது.

உள்ளூர்க் கோயிலுக்கு அழைத்துச் சென்றால், எழுத்து தெரிவதற்காகக் கல்வெட்டில் மாவோ சுண்ணாம்போ பூச விடாதீர்கள். தாளை ஒற்றி மையால் எழுத்தைப் பதிவுசெய்யும் மைப்படி எடுப்பது தொல்லியல் துறையினர் வேலை. மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்தாலே எழுத்துகள் தெளிவாகத் தெரியும்.