எங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது? கேள்வி பதில்

சிறிய நகராட்சி ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் கீழே.

கேள்வி (வார்டு உறுப்பினர்): செப்டிக் டேங்க் அள்ளும் லாரி ராத்திரியில் ஆற்றோரம் திறந்துவிட்டுப் போகிறது. கேட்டால், "இவ்வளவு பெரிய ஆத்துல ஒரு லாரி என்னண்ணே பண்ணும்?" என்கிறார்கள்.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். செப்டிக் டேங்க் கசடு என்பது சாக்கடைத் தண்ணீரைப் போலப் பல மடங்கு வீரியமானது. அதன் பி.ஓ.டி., அதாவது அது மட்கும்போது தின்னும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 லிட்டர் லாரிக்கு 18 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் வெயிலில் ஆற்றுத் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம்தான் பிடித்து வைக்கும். ஆக, ஒரே லாரி 24 லட்சம் லிட்டர் தண்ணீரின் மூச்சை நிறுத்தப் போதும். சித்திரையில் முழங்காலளவு ஓடும் ஆற்றில் மீன் மிதப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

லாரிக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, கொட்ட இடம் வேண்டுமே. செங்கல்பட்டு மாவட்டக் கருங்குழியில் 2017இல் கசடுக்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள்: நாளைக்குச் சுமார் 23,000 லிட்டர் கசடு தாங்கும். மணல் படுக்கையில் காயவைத்து, வடியும் நீரைத் தனியே சுத்தம் செய்கிறார்கள். பக்கத்து மதுராந்தகத்து லாரியும் அங்கேதான் போகிறது. இரண்டு மூன்று ஊர் சேர்ந்தால் உங்களுக்கும் முடியும்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் செப்டிக் டேங்க் உண்டு. பிறகு ஏன் சாக்கடை நாறுகிறது?

டேங்க் பாதி வேலைதான் செய்யும். கெட்டியானது அடியில் தங்கும்; வெளியே வரும் தண்ணீரில் கிருமி அப்படியே இருக்கும். அது உறிஞ்சுகுழிக்குப் போக வேண்டும், உங்கள் தெருவில் நேரே சாக்கடைக்குப் போகிறது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அள்ளுங்கள், 14420 என்ற உதவி எண்ணில் கூப்பிடலாம். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மனிதரைக் கொண்டு கழிவள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். உள்ளே இருக்கும் வாயு அதிகமானால் மூக்குக்கே தெரியாது, ஆள் எழுந்து வரமாட்டார்.

கேள்வி: எங்கள் ஊர் நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்று வெளியாள் எப்படிக் கண்டுபிடிப்பது?

காற்று ஊதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் ஜாடியில் மொண்டு வைக்கச் சொல்லுங்கள். நான் தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன் செய்வது இதைத்தான். நல்ல தொட்டி என்றால் சாக்லெட் நிறம், மழை பெய்த மண் வாசனை. அரை மணியில் கசடு கொத்துக்கொத்தாக இறங்கி 300 மில்லி அளவில் நிற்கும், மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு இருந்தால் காற்று ஊதும் புளோயர் ஓடவில்லை. பெரும்பாலும் பழுது கிடையாது. கரன்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் அணைத்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாமல், உள்ளே அழுக்கைத் தின்னும் பாக்டீரியா செத்தால், திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். மிச்சம் பிடித்த பில்லுக்கு இது கட்டுமா?

கேள்வி: கரன்ட் இல்லாத வழி?

நிலம் இருந்தால் குளங்கள். முதலில் ஆழமான குளம், கெட்டியை ஜீரணிக்க. அடுத்தது ஒன்றரை மீட்டர் ஆழம். பாசி பகலில் ஆக்சிஜன் தரும். கடைசியில் ஒரு மீட்டர்க் குளம். வெயிலே கிருமியைக் கொல்லும். வெயிலுக்கு நமக்கு என்ன பஞ்சம்? பஞ்சமெல்லாம் நிலத்துக்குத்தான்.

கேள்வி: ஆகாயத்தாமரை சுத்தம் செய்யுமாமே?

அள்ளிக்கொண்டே இருந்தால் செய்யும். விட்டால் அழுகி, இழுத்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கும்.

கேள்வி (தென்னை விவசாயி): சுத்திகரித்த தண்ணீரை ஆற்றில் விடுவதா, தோப்புக்குக் கேட்பதா?

தோப்புக்கே கேளுங்கள். சிற்றூர்களுக்கு மத்திய அரசின் 2017 விதியில் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை விட்டார்கள்; 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்றது. குளிக்கும் ஆற்றுக்கோ 3தான் அளவு. இடைவெளியை ஆற்று நீர்தான் கலந்து சரிக்கட்ட வேண்டும், கோடையில் அந்த நீர் எங்கே? தென்னைக்குப் பாய்ச்சுங்கள். பச்சையாகத் தின்னும் வெள்ளரி, கீரைப் பாத்திக்கு மட்டும் திருப்பிவிடாதீர்கள்.