மருந்துச் சீட்டில் டி.டி.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

மெடிக்கல் ஷாப் கவுன்டரில் சில வருடம் நின்றவன் என்பதால் சொல்கிறேன். ஒருமுறை ஒரு பெரியவர் சீட்டை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எஸ்.ஓ.எஸ்.னு போட்டிருக்காரே தம்பி, அவ்வளவு சீரியஸா?" கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற எஸ்.ஓ.எஸ். என்று நினைத்துவிட்டார். எழுதியிருந்தது பாராசிட்டமால். "ஒண்ணும் இல்லைங்கய்யா, காய்ச்சல் இருந்தா மட்டும் போடுங்க" என்றதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

இந்தச் சுருக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலமே இல்லை, லத்தீன். எஸ்.ஓ.எஸ். என்பது 'சி ஓபஸ் சிட்', தேவைப்பட்டால் என்று பொருள். ஓ.டி. தினம் ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கப் போகும்போது. ஸ்டாட் என்றிருந்தால் உடனே. ஏ.சி. என்றால் சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்றால் பின். (ஏ.சி. அறையில் வைக்க வேண்டிய மருந்தா என்று கேட்டவர்களும் உண்டு.) இப்போது பலர் 1-0-1 என்றே எழுதிவிடுகிறார்கள்: காலை ஒன்று, மதியம் வேண்டாம், இரவு ஒன்று. எனக்கு இதுதான் பிடிக்கும், யாருக்கும் புரியும்.

வம்பு எங்கே என்றால், ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் வேறு அர்த்தம். கண்ணாடிக் கடைச் சீட்டில் ஓ.டி. என்பது வலது கண், ஓ.எஸ். இடது கண். இதுவும் லத்தீன்தான். அங்கே போய் 'தினம் ஒரு வேளை' என்று படித்தால் கதை கந்தல். நம்மூர்க் கண் மருத்துவர்கள் பலர் ஆர்.இ., எல்.இ. என்று எழுதுவதால் தப்பித்தோம்.

டி.டி.எஸ். கதை இன்னும் மோசம். மருந்துச் சீட்டில் மூன்று வேளை. வங்கியில் டெபாசிட் வட்டி கைக்கு வருமுன்பே பிடித்துக்கொள்ளும் வரி. வாட்டர் ஃபில்டர் மாட்ட வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டுவது, அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு. குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை.

சீட்டில் எழுத்து புரியவில்லை என்றால் கடைக்காரரிடம் மாத்திரைக் கவர் மேலேயே காலை, இரவு என்று தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாங்கள் தினமும் செய்கிற வேலைதான், கோபித்துக்கொள்ள மாட்டோம்.